தெருவில் மழைநீர் வடிகால் கேட்டால் நகராட்சியில் ‘நிதி இல்லை’ என்கிறார்கள். மாநில அரசு நிதியை வாங்க வழி உண்டா?

உண்டு. ஆனால் ‘நிதி இல்லை’ என்பதற்குப் பல நேரம் அர்த்தம், உங்கள் தெருவுக்கு எஸ்டிமேட்டே போடவில்லை என்பதுதான். எஸ்டிமேட் இல்லாத வேலைக்கு எந்தத் திட்டத்திலும் பணம் வராது. முதல் மனு உதவிப் பொறியாளருக்கு.

மாநில அரசு தன் வரி வருவாயிலிருந்து நகராட்சிகளுக்குத் தரும் மாநில நிதிக்குழு மானியத்தை நம்ப வேண்டாம். பல நகராட்சிகளில் அது சம்பளம், பென்ஷன், கரண்ட் பில்லோடு தீர்ந்துவிடும். 2021-22இல் தொடங்கிய கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர் முழுக்கப் போட்டி. எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, மொத்தத் தொகுதிக்கும் சேர்த்து. ஒற்றைத் தெருவுக்கு, மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் ‘நமக்கு நாமே’ திட்டம்தான் தோது. மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்ட வேண்டும்: 12 லட்சம் வேலைக்கு 4 லட்சம். சங்கமோ கம்பெனியோ தனி ஆளோ கட்டலாம். எஸ்டிமேட் தொகை எழுத்தில் கைக்கு வரும்வரை வீடு வீடாக வசூலில் இறங்காதீர்கள்.

எஸ்டிமேட்டில் பார்க்க வேண்டியது தண்ணீர் போய்ச் சேரும் இடம். சமதளமான 300 மீட்டர் தெருவில் 300க்கு 1 சரிவு கொடுத்தால் கடைசியில் ஒரு மீட்டர் இறங்கும். தொடக்க ஆழம் 45 செ.மீ. என்றால் முடிவில் 1.45 மீட்டர். பெரிய வாய்க்காலின் அடிமட்டம் அதைவிட மேலே இருந்தால், கட்டிய வடிகால் கொசுத்தொட்டிதான். குறுக்கே நிற்கும் மின்கம்பத்தை மாற்றும் செலவும், வெட்டுப்படும் குடிநீர் இணைப்புகளைச் சீர்செய்யும் செலவும் விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். பாதியில் வேலை நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

அடுத்தது நகர்மன்றத் தீர்மானம், நிர்வாக ஒப்புதல் (வேலைக்கும் செலவுக்கும் சம்மதம்), தொழில்நுட்ப அனுமதி (எஸ்டிமேட்டுக்குப் பொறியாளர் தரும் ஒப்புதல்), டெண்டர். 2 கோடி வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். போன வருட விலைப்பட்டியலில் போட்ட எஸ்டிமேட் என்றால் கான்ட்ராக்டர் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார். திருத்தி மறுபடி டெண்டர் விட வேண்டியிருக்கும்.

இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ‘எப்போது கட்டுவீர்கள்’ என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். தீர்மான எண், நிர்வாக ஒப்புதல் நாள், வேலை உத்தரவு நகல், எம்-புக் (முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) பக்கங்களின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். எது இல்லையோ, ஃபைல் அங்கேதான் நிற்கிறது.