அந்த அஞ்சு ஸ்லைடர் எங்கே போச்சு?

கேள்வி: என் பழைய டேப் ரெக்கார்டரில் அஞ்சு ஸ்லைடர் ஈக்குவலைசர் (கனத்த சத்தம் முதல் கீச்சுச் சத்தம் வரை தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது) இருந்தது. இப்போது 8,000 ரூபாய்க்கு வாங்கிய புளூடூத் ஸ்பீக்கரில் வால்யூம் பட்டன் மட்டும்தான். 80 வயது அப்பா, "பாட்டு கேட்குது, வார்த்தை புரியலை" என்கிறார். ரெண்டு ஸ்லைடர் வைத்தால் கம்பெனிக்குக் குடியா முழுகிவிடும்?
- வாசகர், பெரம்பூர்

பதில்: ரிச்சி தெருவில் 31 வருஷமாக ஆம்பிளிஃபயர் பிரிக்கிறேன். குடி முழுகாது சார், ஸ்பீக்கருக்குள் அதிர்கிற கோன் கிழியும்.

அந்தக் காலத்தில் ரிப்பேருக்கு ஒரு செட் வந்தால் முதலில் ஸ்லைடரைத்தான் பார்ப்பேன். முதலும் கடைசியும் உச்சியில், நடுவில் மூன்றும் பள்ளத்தில். பாடுகிறவர் குரல் அந்தப் பள்ளத்துக்குள் கிடக்கும். "செட்டே சரியில்லைப்பா" என்று கம்பெனியைத் திட்டுவார்கள்.

எட்டு அங்குல ஸ்பீக்கர் இந்தக் கூத்தைத் தாங்கும். உங்களுடையதில் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற கோன். பேஸை, அதாவது கனத்த சத்தத்தை, 10 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்பிளிஃபயர் 10 மடங்கு பவர் தள்ள வேண்டும். கோன் முன்னும் பின்னும் போக அவ்வளவு இடமில்லை, அதை ஆட்டுகிற கம்பிச் சுருள் கருகும். வாரண்டி செலவு கம்பெனி தலையில். அதனால் ஈக்குவலைசரை உள்ளே ஒரு சிப்பில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். தவில் வாசிப்பு ஒன்றை மெதுவாக வைத்துக் கேட்டுவிட்டு, வால்யூமை முழுசாக ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலான சின்ன ஸ்பீக்கர்களில் தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த சத்தம் மட்டும் அந்த அளவுக்கு ஏறாது. சிப் அமுக்கிப் பிடிக்கிறது.

ஸ்லைடரில் தூசியும் உப்புக்காற்றும் ஏறிக் கரகரக்கும், அது இன்னொரு தொல்லை. (என் பிழைப்பு பாதி அதில்தான் ஓடியது.)

ஆனால் ட்ரெபிளையும் (கீச்சுச் சத்தத்தையும்) சேர்த்துப் பூட்டியதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வயதானால் மேல் சுருதிச் சத்தம்தான் முதலில் காதை விட்டுப் போகும். வார்த்தையில் ச, த மாதிரி எழுத்துகள் தெளிவாக விழுவதற்கு 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள சத்தம் வேண்டும். அப்பா காதுக்கு எது சரி என்று பேக்டரியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஸ்பீக்கரின் ஆப்பிலோ, பாட்டு ஓடும் ஆப்பிலோ ஈக்குவலைசர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் எதையும் ஏற்றாதீர்கள். கனத்த சத்தம் இருக்கும் 250 ஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபல் இறக்கிவிட்டு, வால்யூமைக் கொஞ்சம் கூட்டுங்கள். அதற்கும் முன்னால், ஸ்பீக்கர் அலமாரி மூலையில் இருந்தால் வெளியே எடுங்கள். மூலைச் சுவர் பேஸை ஊதிப் பெரிசாக்கும். என் வீட்டில் ஸ்பீக்கர் ஃபிரிட்ஜ் மேல் மூலையில் இருந்தது. கீழே இறக்க நாலு நாள் கெஞ்ச வேண்டியிருந்தது.