ஆறாவது செமஸ்டரும் 16 மாத மகனும்

கேள்வி: எனக்கு 21 வயது. பி.காம். இறுதியாண்டு. முதலாண்டு படிக்கும்போதே கல்யாணம் ஆகிவிட்டது. மகனுக்கு இப்போது 16 மாதம். இன்னும் ஐந்து வாரத்தில் ஆறாவது செமஸ்டர் தேர்வு. ஐந்து பேப்பர், போன செமஸ்டரில் தவறிய காஸ்ட் அக்கவுண்டிங்கையும் சேர்த்தால் ஆறு. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், 75 மார்க். 30 எடுத்தால் பாஸ். கணவருக்கு கம்பெனியில் வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும். மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்வார், ஆனால் முட்டி வலி. அதிக நேரம் தூக்கி வைத்திருக்க முடியாது. மகன் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். ராத்திரி மூன்று முறை எழுகிறான். புத்தகத்தைத் திறந்தால் ஓடிவந்து கிழிக்கிறான். பாலை மறக்கடி, பையனை உன் அம்மா வீட்டில் விட்டுவிடு என்கிறார்கள் சிலர். இந்தத் தடவை எழுதாமல் நவம்பரில் பார்த்துக்கொள் என்கிறார்கள் வேறு சிலர். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: எழுதுங்கள், ஆறு பேப்பரையும். போகாமல் விட்டாலும் அரியர், போய் எழுதித் தவறினாலும் அரியர். போனால் தேறுவதற்கு ஒரு வழியாவது இருக்கிறது. நவம்பர் சுலபமாக இருக்கும் என்று சொல்பவர்கள் இரண்டு வயதுக் குழந்தையைச் சமீபத்தில் பார்க்காதவர்கள். இப்போது நடக்கிறவன் அப்போது ஓடுவான், கட்டில் ஏறுவான், பகல் தூக்கத்தையும் குறைத்துக்கொள்வான். உங்களுக்கோ வகுப்பு இருக்காது, சந்தேகம் கேட்க மேடம் பக்கத்தில் இருக்கமாட்டார்.

பாலை இப்போது நிறுத்தவே வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் மார்பில் பால் கட்டி, வலியும் காய்ச்சலும் வந்து, படிக்கவேண்டிய நாலைந்து நாள் அதிலேயே போய்விடும். குழந்தையும் ராத்திரி மூன்று முறைக்குப் பதில் ஆறு முறை அழுவான். உலக சுகாதார நிறுவனமும் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. நிறுத்துவதாக இருந்தால் தேர்வு முடிந்தபின் ஒவ்வொரு வேளையாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா வீட்டில் விடுவதும் இந்த வயதுக்கு ஒத்துவராது. அம்மா கண்ணைவிட்டு மறைந்தால் பதறுகிற பருவம் இது. புது வீடு, புதுப் படுக்கை, பக்கத்தில் நீங்கள் இல்லை என்று மூன்றும் சேர்ந்து வந்தால் சாப்பாடு குறையும், உடம்புக்கு வரும், கடைசியில் தேர்வுக்கு முந்தின நாள் நீங்கள் பஸ் ஏறி ஓடவேண்டியிருக்கும். அதற்குப் பதில் உங்கள் அம்மாவைத் தேர்வு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே உங்கள் வீட்டுக்கு வரவழையுங்கள். மாமியாரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்: “உங்க முட்டிக்குச் சிரமம் வேண்டாம் அத்தை, அம்மா வந்து தூக்கிக்கட்டும், நீங்க சாப்பாடு ஊட்டுங்க.” ஊட்டுவது, தூங்கவைப்பது, வெளியே தூக்கிப்போவது என்று யாருக்கு எது என்பதைப் பிரித்துவிட்டால் இரண்டு பாட்டிகளுக்கும் நடுவில் மனத்தாங்கல் வராது.

இனி படிப்பு. உங்களைப் போன்றவர்கள் வழக்கமாகச் சறுக்குவது ஒரே இடத்தில்தான். யூனிட் வாரியாக அட்டவணை போடுவார்கள். “திங்கள் யூனிட் 1, செவ்வாய் யூனிட் 2.” முதல் நாளே குழந்தை தூங்காது, அட்டவணை சரியும், மூன்றாம் நாள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அழுவார்கள். குழந்தை இருக்கிற வீட்டில் நேரம் இரண்டு விதமாகத்தான் கிடைக்கும். ஒன்று, பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகள். இன்னொன்று, ஒன்றரை மணி நேரம் யாரும் கூப்பிடாத முழு நேரம். பாடத்தையும் அப்படியே இரண்டாகப் பிரியுங்கள்: இடையில் எழுந்துபோனாலும் கெடாதது, எழுந்துபோனால் முதலிலிருந்து தொடங்கவேண்டியது.

மேனேஜ்மெண்ட் அக்கவுண்டிங்கில் ரேஷியோ ஃபார்முலாக்கள், ஆடிட்டிங்கில் வவுச்சிங் (ரசீதுகளோடு கணக்கைச் சரிபார்ப்பது), ஆடிட்டரின் கடமைகள், எல்லாப் பேப்பரின் இரண்டு மார்க் கேள்விகள், வருமான வரியில் கழிவுகளின் பட்டியல் எல்லாம் துண்டு நேரத்துச் சரக்கு. ஒரு ஏ4 தாளை நாலாகக் கிழித்து, முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் எழுதி நைட்டிப் பையிலோ ஃபிரிட்ஜ் மேலோ வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு நாலு தடவை வாசிப்பதால் தெரிந்த மாதிரி இருக்குமே தவிர, ஹாலில் வராது.

மார்ஜினல் காஸ்டிங்கில் சின்னக் கணக்குகளும் துண்டு நேரத்துக்குள் அடங்கும். விற்பனை 2,00,000, மாறும் செலவு 1,20,000, நிலையான செலவு 50,000 என்றால் கான்ட்ரிபியூஷன் (விற்பனையில் மாறும் செலவு போக மிச்சம்) 80,000, பி.வி. ரேஷியோ (விற்பனையில் அந்த மிச்சத்தின் பங்கு) 40 சதவீதம், பிரேக் ஈவன் விற்பனை (லாபமும் நஷ்டமும் இல்லாத அளவு) 1,25,000. ஏழெட்டு நிமிட வேலை. இந்தப் பகுதி பல பாடத்திட்டங்களில் காஸ்ட் அக்கவுண்டிங்கிலும் மேனேஜ்மெண்ட் அக்கவுண்டிங்கிலும் சேர்ந்தே வருகிறது. உங்கள் சிலபஸிலும் அப்படி இருந்தால் முதல் வாரமே இதை முடியுங்கள். அரியர் பேப்பருக்கும் சேர்த்துப் படித்தாகிவிடும்.

ஃபண்ட் ஃப்ளோ, கேஷ் ஃப்ளோ, பட்ஜெட், பிராசஸ் காஸ்டிங் ஆகிய நீண்ட கணக்குகளைத் துண்டு நேரத்தில் தொடவே தொடாதீர்கள். ஃபண்ட் ஃப்ளோவில் பாதியில் எழுந்தால் வரிக்கான ஒதுக்கீட்டை எந்தப் பக்கம் எடுத்தோம் என்பதே மறந்துபோகும். அப்படியும் எழவேண்டி வந்தால் ஒர்க்கிங் கேபிட்டல் அட்டவணையைக் கூட்டிச் சரிபார்த்த இடத்தில் நிறுத்துங்கள். எழுவதற்கு முன் தாளின் மேலே, “அடுத்து: தேய்மானம், பிறகு அட்ஜஸ்டட் பி அண்ட் எல்” என்று ஒரு வரி. திரும்பி வரும்போது அந்த வரி இல்லையென்றால் பழைய இடத்துக்கு வந்து சேரவே பத்து நிமிடம் போகும்.

முழு நேரம் எங்கே கிடைக்கும்? ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை குழந்தைக்குப் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதில் மதியம் ஒன்றரை மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கலாம். அந்த நேரத்தில் துணி துவைக்கவோ பாத்திரம் கழுவவோ கூடாது என்பதை வீட்டில் சொல்லியே ஆகவேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுத்தான் பல பெண்கள் அந்த நேரத்தை இழக்கிறார்கள். மகன் தூளியில் தூங்குகிறவன் என்றால் கயிற்றை ஆட்டிக்கொண்டே படிப்பது வழக்கம்தான். ஆனால் 16 மாதத்தில் விழித்ததும் எழுந்து நிற்கப் பார்ப்பான். தூளி தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் இருக்கவேண்டாம், கீழே மெத்தை போடுங்கள், அறையைவிட்டுப் போகாதீர்கள்.

இரண்டாவது முழு நேரம் கணவரின் ஷிஃப்டைப் பொறுத்தது. காலை ஷிஃப்ட் வாரத்தில் அவர் வந்து குளித்தபின், நாலிலிருந்து ஆறு வரை பையனை வெளியே தூக்கிப்போகட்டும். மதிய ஷிஃப்ட் வாரம்தான் உங்களுக்குப் பொன்னான வாரம். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மூன்று மணி நேரம் ஒரே இருப்பில் கிடைக்கும். கடிகாரம் வைத்து முழுப் பேப்பர் எழுதிப் பார்ப்பதை அந்த வாரத்துக்கு ஒதுக்குங்கள். போன் தட்டிப் பழகிய கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேனா பிடித்தால் வலிக்கும். இரண்டு தடவையாவது எழுதிப் பழகியிருக்கவேண்டும். இரவு ஷிஃப்ட் வாரத்தில் அவரைக் காலையில் எழுப்பாதீர்கள். மாலை ஐந்துக்குமேல் அவரிடம் குழந்தையைக் கொடுங்கள்.

இரவு எட்டரைக்கு மகன் தூங்கியபின் பத்தரை வரை படிக்கலாம், அல்லது அவனோடு படுத்து விடிகாலை நாலரைக்கு எழலாம். ஏதாவது ஒன்று போதும், இரண்டையும் சேர்த்துச் செய்யவேண்டாம். மூன்று முறை எழுகிற குழந்தையோடு இரண்டையும் முயன்றால் நாலாம் நாள் எதுவும் மண்டையில் ஏறாது. விடியற்காலையில் இன்னொரு சிக்கல்: நீங்கள் எழுந்த பத்தாவது நிமிடம் பக்கம் காலியாக இருப்பது தெரிந்து அவனும் எழுந்துவிடுவான். அந்த இடத்தில் கணவரோ உங்கள் அம்மாவோ வந்து படுக்க முடிந்தால் மட்டும் விடிகாலை. இல்லையென்றால் இரவே சரி.

வினாத்தாள் மாதிரியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். “ஐந்தில் மூன்றுக்கு விடையளி” என்று இருந்தால் மூன்று யூனிட்டை ஆழமாகப் படித்தே பாஸ் ஆகலாம். ஒவ்வொரு யூனிட்டிலும் “அ அல்லது ஆ” என்று இருந்தால் எந்த யூனிட்டையும் முழுசாக விடமுடியாது. யூனிட்டுக்கு ஒரு கணக்கு மாடல், ஒரு தியரி என்று அகலமாகப் படிக்கவேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் மூன்று யூனிட் மட்டும் படித்துப் போய் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

புத்தகம் கிழிவதற்கு: முக்கியப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசலை அலமாரிக்கு மேலே வையுங்கள். அவனுக்கென்று ஒரு பழைய நோட்டும் தடித்த கிரேயானும் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். போனைக் கொடுத்து உட்காரவைப்பது இந்த வயதுக்கு நல்லதல்ல. உங்கள் நோட்ஸும் அதே போனில்தானே இருக்கிறது, ஒரு வாரம் கொடுத்தால் பிறகு திருப்பி வாங்க முடியாது. கவனிக்கவேண்டிய பொருள் வேறு ஒன்று: கால்குலேட்டர். பல கால்குலேட்டர்களில் பொத்தான் மாதிரி வட்ட பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். பின்மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்கவைக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேனா மூடி, ஸ்டேப்ளர் பின்னும் தரையில் கிடக்கக்கூடாது.

தடுப்பூசி விஷயத்தை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னிக்கானது) பூஸ்டரும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லாவுக்கானது) இரண்டாவது தவணையும் போடவேண்டும். டிபிடி காய்ச்சல் அன்றோ மறுநாளோ வரும். எம்.ஆர். ஊசிக்கு வந்தால் 7 முதல் 12 நாள் கழித்துத்தான் வரும். ஊசி போட்டதையே மறந்திருப்பீர்கள். தேர்வுக்குப் பத்து நாள் முன் போட்டால் சரியாக முதல் பேப்பர் அன்று உடம்பு சுடலாம். இந்த வாரமே போட்டுவிடுங்கள், எல்லாம் முன்கூட்டியே அடங்கிவிடும்.

தேர்வு நாளில் போக வர ஒவ்வொரு மணி நேரம் என்றால் ஐந்து மணி நேரம் வீட்டில் இருக்கமாட்டீர்கள். அதற்காகப் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகவேண்டியதில்லை. பருப்பு சாதம், இட்லி, தண்ணீர், ஒரு டம்ளர் பசும்பால் அவனுக்குப் போதும். கிளம்பும் முன் கடைசி வேலையாகப் பால் கொடுங்கள். மார்பு கனத்தால் தேர்வு முடிந்ததும் ரெஸ்ட் ரூமில் பாரம் குறையும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சிவிடுங்கள். உள்ளே மடித்த காட்டன் கைக்குட்டை வைத்துக்கொண்டால் புடவை நனையாது. ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது.

பின்வாசல் வழியாக நழுவாதீர்கள். “அம்மா போய்ட்டு வரேன், நீ தூங்கி எழுந்ததும் வந்துடுவேன்” என்று சொல்லி, டாட்டா காட்டிவிட்டுப் போங்கள். அழுவான். ஆனால் நழுவிப் போனால், அடுத்த நாளிலிருந்து நீங்கள் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டுவான். தேர்வுக்கு முன் இரண்டு நாள் இதே நேரத்துக்குக் கிளம்பி, கல்லூரி லைப்ரரியில் உட்கார்ந்து படித்துவிட்டு இதே நேரத்துக்குத் திரும்புங்கள். எங்கே தகராறு வருகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். பெரும்பாலும் மதியத் தூக்கத்துக்குப் பால் இல்லாமல் படுக்கவைப்பதில்தான் வரும். தோளில் போட்டுத் தட்டுவதா, தூளியா என்பதைப் பாட்டிகள் அந்த இரண்டு நாளில் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

ஹாலுக்குள் போன் கிடையாது. ஆகவே உடம்புக்கு வந்தால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். பாராசிட்டமால் சிரப் ஒரே வலிமையில் வருவதில்லை; 5 மி.லி.யில் 120 மி.கி. இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. பழைய பாட்டில் நினைவில் அதே அளவை ஊற்றினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். மகனின் எடையைச் சொல்லி டாக்டரிடம் அளவு கேட்டு, வீட்டில் ஒரே ஒரு பாட்டில் மட்டும் வைத்து, அதன் மேலேயே அளவை எழுதி ஒட்டுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்குவது தப்பு. ஒவ்வொரு முறை போனபின்பும் 50 முதல் 100 மி.லி., கரண்டி கரண்டியாக. வலிப்பு, மூச்சிரைப்பு, எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடப்பது, எதுவும் குடிக்காமல் இருப்பது - இதில் ஒன்று தெரிந்தாலும் உங்களுக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்கவேண்டும். மாமியாரிடம் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். “மருமகள் வந்தபின் கேட்டுக்கொள்வோம்” என்று தயங்குவதில்தான் நேரம் போகிறது.

முந்தின இரவு காய்ச்சல் வந்து, காலையில் பால் குடிக்கிறான், கண் விழித்து விளையாடுகிறான் என்றால் நீங்கள் தேர்வுக்குப் போகலாம். குடிக்கவே மாட்டேன் என்கிறான், துவண்டு கிடக்கிறான் என்றால் போகவேண்டாம். அந்த ஒரு பேப்பரை மட்டும் பிறகு எழுதிக்கொள்ளலாம். இறுதியாண்டில் ஒரு பேப்பர் மட்டும் நின்றுபோனவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் ரிசல்ட் வந்த கையோடு உடனடித் தேர்வு வைக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தில் அது உண்டா, கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்பதை ஹால் டிக்கெட் வாங்கப் போகும் அன்றே அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.