பள்ளிக்கூடத்தின் பெயரல்ல, வருமானம்தான் கணக்கு

அண்ணே, ஹட்டனில் சில்லறைக் கடை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளையும் கட்டணம் கட்டும் பாடசாலையில் படிக்க வைக்கிறீர்கள். மூத்த மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கும்போல் இருக்கிறது. 'பிரைவேட்டில் படித்த பிள்ளைக்கு எதற்கு மகாபொல உதவிப்பணம் என்று கேட்பார்களோ' என்பது உங்கள் பயம். அந்தப் பாடசாலைப் பெயரை விண்ணப்பத்தில் மறைத்துவிடலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம். பொய் பிடிபட்டால் உதவி போவதோடு நிற்காது.

பல்கலைக்கழக மாணவருக்கு மாதாமாதம் கொடுக்கும் இந்த மகாபொல 1981 முதல் இருக்கிறது. ஒரு சிறு பங்கு திறமைக்கு, மீதி தேவைக்கு. தேவை என்றால் அங்கே பார்ப்பது பெற்றோரின் வருமானத்தை. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலிலும் அப்படித்தானே, பரீட்சையில் சித்தியடைந்தாலும் உதவிப்பணம் வருமானம் குறைந்த வீட்டுக்குத்தான். ஆகவே உங்கள் வேலை, அந்தப் பாடசாலைக் கட்டணம் எங்கிருந்து வந்தது என்று காட்டுவது. கட்டாரில் இருக்கும் உங்கள் தம்பி அனுப்பியது என்றால் வங்கிச் சிட்டைகளை எடுத்து வையுங்கள். அக்காவின் சங்கிலி அடகில் என்றால் அடகுச் சீட்டையும். வருமானத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தர் உங்கள் கடையைத் தினமும் பார்ப்பவர், சாமான் நிறைந்திருப்பதை இலாபம் என்று நினைத்துவிடலாம். கொள்முதல் பில்களையும் கடன் கொப்பியையும் நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள். பிறகு பிரதேச செயலகம்.

கட்டணம் கட்டிப் படித்த பிள்ளையைச் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயமா என்று கேட்டீர்களே, என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் மகளுக்குப் பின்னால் அதே வரிசையில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகளும் நிற்கிறாள். 2024இல் அந்தத் தாயின் நாள் அடிப்படைச் சம்பளமே 1,350 ரூபாயாகத்தான் நிர்ணயிக்கப்பட்டது. மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் கட்டணம் கட்டியவரைப் பார்த்து அதிகாரி ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் நான் கோபப்பட மாட்டேன். கேட்காமலே தள்ளினால்தான் அநியாயம். கடன்பட்டுக் கட்டிய தகப்பனும், எஸ்டேட் பங்களாவிலிருந்து காரில் பிள்ளையை இறக்கிவிடுபவரும் ஒன்றல்லவே.

சரி, இதைவிடப் பெரிய விஷயம் சின்னவள். கொழும்பில் லண்டன் சிலபஸ், அதாவது பிரிட்டிஷ் பாடத்திட்டம், என்று யோசிக்கிறீர்களாமே. லண்டன் உயர்தரம் (ஏஎல்) எழுதினால் இசட் புள்ளி கிடையாது; அது நம் உள்ளூர் உயர்தரப் பெறுபேற்றை ஒப்பிட்டுக் கணக்கிடும் புள்ளி. இசட் புள்ளி வழியாகத்தான் நம்மவர் பெரும்பாலும் அரச பல்கலைக்கழகம் போகிறோம், மகாபொலவும் அந்த வழியில்தான். உள்ளூர் சிலபஸிலேயே கொழும்புக்கு மாற்றினாலும் ஒரு சிக்கல் உண்டு. அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நம் ஹட்டன் இருக்கும் நுவரெலியா மாவட்டம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. எந்த மாவட்டம் என்பதற்கு உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடப் படிப்பைப் பார்ப்பார்கள். பட்டணத்துக்கு அனுப்பிப் பெருமைப்படப் போய், கையிலிருக்கும் இடத்தைக் கொழும்புப் பிள்ளைகளோடு போட்டிக்கு விடாதீர்கள்.

2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்த்தினார்கள். விடுதிச் சாப்பாட்டுக்கே போதாது, ஆனாலும் கைக்கு வரும் காசு. மகாபொல கிடைக்காவிட்டால் பேர்சரி என்ற இன்னொரு மாணவர் உதவிப்பணம் இருக்கிறது, அதற்கும் இதே வருமானக் கணக்குத்தான். திங்கட்கிழமை கடையைத் தம்பி மனைவியிடம் விட்டுவிட்டு, பில் கட்டோடு கிராம உத்தியோகத்தரைப் பார்த்துவிடுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள், இனி இந்தக் காகிதங்களைச் சுமக்கப்போவது அவள்தானே.