கடலைப் படிக்கக் கரையில் இறங்க வேண்டுமா?

கேள்வி: நான் இளநிலை உயிரியல் மாணவி. வெப்பமண்டலக் கடற்கரை ஒன்றில் சில வாரங்கள் தங்கிக் கடல் அறிவியல் பயில வாய்ப்பு வந்துள்ளது. பாடநூல்களிலும் காணொளிகளிலும் கிடைக்காத எதை அங்கே கற்க முடியும்? எனக்கு நீச்சலும் சரியாகத் தெரியாது.

பதில்: அவசியம் செல்லுங்கள். அளப்பது எவ்வளவு கடினம் என்பதை அங்கேதான் உணர்வீர்கள். அரை மீட்டர் சதுரச் சட்டகம் ஒன்றைக் கடற்புல் படுகையில் வைத்து, புல் எத்தனை விழுக்காடு பரவியிருக்கிறது என இருவரைத் தனித்தனியே மதிப்பிடச் சொன்னால், ஒருவர் 40 என்றும் மற்றவர் 60 என்றும் எழுதுவது வழக்கம். பிறகு இருவரும் அதே சட்டகத்தின் முன் அமர்ந்து, மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு, புல்லின் மேல் படிந்த பாசியையும் சேர்த்து எண்ணிவிட்டோமா என்று வாதிட்டுத் திருத்திக்கொள்ளும்போது மதிப்பீடுகள் நெருங்கி வரும். அந்த வாதத்தையே நான் முதன்மையான பாடமாகக் கருதுகிறேன். அதற்குப் பின் எந்த ஆய்வறிக்கையின் எண்ணைப் பார்த்தாலும், அதை எப்படி எண்ணினார்கள் என்று கேட்கத் தோன்றும்.

பெரும்பாலான கரைகளில் அடுத்தடுத்த இரு ஓதப் பெருக்குகளுக்கு (கடல்நீர் மட்டம் உச்சத்துக்கு உயரும் வேளைகளுக்கு) இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்வதால், நீர் வற்றும் நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். உங்கள் வகுப்பு நேரமும் அதனோடு நகரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் மிகவும் கீழே இறங்குவதால், மற்ற நாள்களில் மூழ்கிக் கிடக்கும் திட்டுகளையும் அப்போது நடந்தே பார்க்கலாம்.

அலையாத்திச் சேற்றுக்கும் வற்றிய கடற்புல் படுகைக்கும் நீச்சல் தேவையில்லை. பவளப்பாறைக்குச் செல்லுமுன் மட்டும், முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து பதற்றமின்றி மிதக்கப் பழகிக்கொள்ளுங்கள். திரண்டு வளரும் பவள வகைகள் பல ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்வதால், பதறி உதைக்கும் ஒரு கால் பல ஆண்டு வளர்ச்சியை உடைத்துவிடும். அழகாக இருக்கிறதென்று கூம்பு வடிவச் சங்குகளைக் கையில் எடுக்காதீர்கள். அவற்றுள் சிலவற்றின் நஞ்சு உயிரைப் பறிக்கும்.

சேருமுன் ஒன்றைக் கேட்டறியுங்கள்: முந்தைய மாணவர்கள் அளந்த அதே இடங்களையே நீங்களும் அளப்பீர்களா, அவர்களுடைய பதிவேடுகளை உங்களுக்குக் காட்டுவார்களா? ஆம் என்றால், தயங்காமல் அங்கேயே சேருங்கள்.