வாசகர் கேள்வி – பதில்: முள் குத்தினால் உள்ளே என்ன நடக்கிறது?

கேள்வி: விரலில் முள் குத்தியது. மறுநாளே சிவந்து வீங்கி, விண் விண்ணென்று தெறித்து, அப்புறம் சீழும் கோத்துக்கொண்டது. அந்தக் கிருமியை என் உடம்பு முன்பின் பார்த்திருக்காது, தடுப்பூசியும் போட்டதில்லை. பிறகு எப்படி உடனே சண்டைக்குக் கிளம்புகிறது?

பதில்: ஆள் யாரென்று அது விசாரிப்பதே இல்லை. வெளியாள் என்று தெரிந்தால் போதும், அடி விழும். பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது, அதிலுள்ள சில பொருட்கள் நம் செல்கள் எதிலும் கிடையாது. தோலுக்கு அடியில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணு அந்தப் பொருட்களைத் தொட்டுப் பார்த்தே கண்டுகொள்ளும். அதற்கான ஏற்பிகள் (செல்லின் மேல் இருக்கும், குறிப்பிட்ட பொருள் வந்து ஒட்டினால் உணர்ந்துகொள்ளும் புரதங்கள்) பிறக்கும்போதே நம்மிடம் இருக்கின்றன, யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இப்படி ஓர் ஏற்பி இருப்பதற்கான வலுவான தடயம் பழ ஈயில்தான் கிடைத்தது: 'டோல்' என்ற மரபணு கெட்டுப்போன ஈக்கள் பூஞ்சை தாக்கிச் செத்துவிடுவதை 1996-இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு காட்டியது. 1998-இல் புரூஸ் பாய்ட்லர் எலியிலும் அதன் உறவுக்கார ஏற்பி வேலை செய்வதைக் கண்டார், இருவருக்கும் 2011-இல் நோபல் பரிசு.

சரி, உங்கள் விரலுக்கு வருவோம். மேக்ரோஃபேஜ் குரல் கொடுத்ததும் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால்தான் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் நெகிழ்ந்து நீர் கசிகிறது, அது வீக்கம். ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் அந்த இடம் வந்ததும் வேகம் குறைந்து, சுவரில் ஒட்டி உருண்டு, செல்களுக்கு நடுவே உடம்பை நெளித்துப் பிதுங்கி வெளியே வந்து, கிருமிகளை அப்படியே விழுங்கத் தொடங்கும். விழுங்கிய கையோடு தாங்களும் செத்துப்போகும், ரொம்ப நாள் வாழ்கிற ஜாதி இல்லை அவை. நீங்கள் பார்த்த சீழ் பெரும்பாலும் அவற்றின் பிணங்கள்தான். (பிதுக்காதீர்கள், கிருமியை நீங்களே உள்ளே தள்ளிவிடுவீர்கள்.)

இந்த முள் சமாச்சாரம் பழைய கதைதான். 1882-இல் சிசிலியின் மெசினாவில் தங்கியிருந்த இலியா மெச்னிகாஃப், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்திவிட்டு, மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தார். முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்துக் கிடந்தன. விழுங்கும் அணுக்கள் என்ற எண்ணமே அங்கிருந்துதான் வளர்ந்தது, 1908-இல் அவருக்கும் நோபல் பரிசு. உங்கள் விரலில் நடந்ததும் அதேதான்.

கேள்வி: எனக்கு இன்னொரு சந்தேகம். கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுகிறதே, அது ஏன்?

பதில்: மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் போன்ற முதல் வரிசை ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற ஒரு கூட்டம் கிருமியின் துணுக்குகளை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய்விடும். அங்கேதான் அந்தக் குறிப்பிட்ட கிருமிக்கென்றே பொருந்துகிற அணுக்களைத் தேடிப் பிடித்துப் பெருக்குகிறார்கள், அதில் கணு வீங்குவதைத்தான் நெறி கட்டுகிறது என்கிறோம். அதற்குப் பல நாட்கள் ஆகும், அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டியது முதல் வரிசை.

கேள்வி: நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: கூட்டினால் நல்லது என்று யார் சொன்னது? உங்கள் விரலில் நடந்த விரிவும் கசிவும் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நடந்தால் ரத்த அழுத்தம் சரசரவென்று விழுந்துவிடும். கிருமித் தொற்றுக்கு உடம்பே கட்டுமீறி எதிர்வினை காட்டும் செப்சிஸில் அப்படித்தான் உயிர் போகிறது.

கேள்வி: மூக்குச் சளியால் ஏதாவது பிரயோஜனம் உண்டா? (மகன் கேட்கிறான்!)

பதில்: தாராளமாக உண்டு என்று சொல்லுங்கள். தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும் என்பது ஒன்று. அலெக்சாண்டர் ஃபிளெமிங் தனக்குச் சளி பிடித்திருந்தபோது மூக்கிலிருந்து எடுத்த சளியைக் கிருமி வளர்த்த தட்டில் விட்டுப் பார்த்தார், கிருமிகள் கரைந்துபோயின. அதிலிருந்த நொதிதான் லைசோசைம், 1922-இல் வெளியிட்டார். பெனிசிலினுக்கு ஆறு வருடம் முந்தைய வேலை இது. கண்ணீரிலும் அது நிறைய இருக்கிறது என்று தெரிந்ததும், ஆய்வகத்துக்கு வந்தவர்கள் கண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டுக் கண்ணீர் சேகரித்தார் மனிதர்.