உறைந்த கருமுட்டையில் மரபணுக்கள் மாறுமா?

கேள்வி: கருமுட்டையை உறைய வைத்தால் அதன் மரபணுச் செயல்பாடு கெடுமா? குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்குமா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. முதிர்ந்த முட்டையில் மரபணுக்கள் ஏறக்குறைய உறங்கிக்கிடக்கும். முட்டை வளரும்போது படியெடுத்துச் சேமித்து வைத்த தூது ஆர்.என்.ஏ.தான் (புரதம் செய்ய உதவும் மரபணுக் கட்டளையின் நகல்) கருவின் முதல் நாட்களை நடத்துகிறது. கருவின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் விழிப்பது 4 முதல் 8 செல் நிலையில், ஏறத்தாழ 3ஆம் நாளில். அதுவரை சேமிப்பு குறைந்தால் ஈடுகட்ட வழியில்லை. உறைந்த முட்டைகளில் சில தூது ஆர்.என்.ஏ.க்களின் அளவு குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உறைய வைக்கும் முறைக்கு ஏற்ப முடிவு வேறுபடுகிறது.

நடைமுறையில் பெரிய எதிரி பனிப்படிகம். முட்டை நீர் நிறைந்த பெரிய செல். மெதுவாகக் குளிர்வித்தால் படிகங்கள் உள்ளே கிழிக்கும். இப்போது எத்திலீன் கிளைக்கால், சுக்ரோஸ் போன்ற காப்புப் பொருட்களில் நீரை வெளியேற்றி, −196 டிகிரி திரவ நைட்ரஜனில் சட்டென அமிழ்த்துகிறார்கள். படிகமாகாமல் கண்ணாடிபோல் இறுகுகிறது. காப்புக் கரைசலில் நேரம் கூடினால் நச்சு, குறைந்தால் படிகம். சூடேற்றுவதும் அதே வேகத்தில் நடக்க வேண்டும்.

குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்இழைகள் குளிரில் கலையும். ஆகவே சூடேற்றியபின் அவை மீண்டும் உருவாக ஓரிரு மணி நேரம் காத்திருப்பார்கள். முட்டையின் வெளியுறை கடினமாகிவிடுவதால் விந்தணுவை ஊசிமூலம் செலுத்துவார்கள்.

இப்படிப் பிறந்த குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடுகள் கூடியதாக இதுவரை தெரியவில்லை. உறைந்த முட்டையிலிருந்து முதல் குழந்தை பிறந்தது 1986இல்தான். நீண்டகாலக் கண்காணிப்பு தொடர வேண்டும். வெற்றியை அதிகம் தீர்மானிப்பது, உறைய வைக்கும்போது பெண்ணின் வயது.