வவுனியா ரவுனில் மலிவான, நல்ல றோல்ஸை எப்படிப் பார்த்து வாங்குவது?

கடைப் பெயரை விடுங்கோ, நேரத்தைப் பாருங்கோ. பின்னேரம் ரியூசன் விடுற நேரம் பெடியள் மொய்க்கிற கடையில அடுத்தடுத்துப் பொரிப்பினம். ஏ9 வீதியில தூரப் பஸ்கள் தேத்தண்ணிக்கு நிப்பாட்டுற கடையளில விலை கொஞ்சம் கூடத்தான்.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள குனிஞ்சு பாருங்கோ. றோல்ஸுக்கு மேல பிரட்டின பாண் தூள் பொன்னிறமாய், உதிராமல் ஒட்டியிருக்கோணும். கருகின பொட்டுகள் தெரிஞ்சால் எண்ணெய் பழசு. கீழ விரிச்ச பேப்பர் ஊறிக் கிடந்தால் பொரிச்சுக் கனநேரம். கடிச்சவுடன கிழங்கும் மிளகும் தெரியாமல் வெறும் மாவு வாயை அடைச்சால், விலை ஏன் குறைவெண்டு விளங்கும்.

மேசையில றோல்ஸைத் தட்டோட கொண்டுவந்து வைக்கிறது எனக்குப் பிடிக்காது. சாப்பிட்டதுக்குத்தான் காசு, சரி. ஆனால் மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும், எத்தினை கை பட்டதோ! தாச்சியால இறக்கினதைக் கேட்டு வாங்குங்கோ. மரக்கறி றோல்ஸ் எண்டால் இன்னும் மலிவு.